வயலில் நட்டம், கடலில் லாபம்: சேற்றுக்குள் ஓடும் தழைச்சத்துக் கணக்கு

கே.கே. நகரில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: ‘அடையாற்றில் தூர் வாரிக் கரையில் கொட்டியிருக்கும் கறுப்புச் சேற்றைப் பார்த்தால் நல்ல உரம்போலத் தெரிகிறது. ஊர்க் கழிவெல்லாம் சேர்ந்த சேறு, தழைச்சத்து நிறைய இருக்குமே. கொஞ்சம் எடுத்துவந்து தொட்டிச் செடிகளுக்குப் போடலாமா?’

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், ஏன் வேண்டாம் என்று விளக்கப் போனால் விஷயம் மாடித்தோட்டத்தோடு நிற்காது. நெல் வயலில் போடும் யூரியா எங்கே போகிறது, இறால் குட்டையில் அம்மோனியா ஏன் ஏறுகிறது, கடலோரம் மீன் ஏன் செத்து மிதக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தச் சேற்றுக்குள்தான் விடை இருக்கிறது. இந்த இதழில் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

எட்டுப் பேர், ஒரு மூட்டை யூரியா

நாம் சாப்பிடும் சோறு, பருப்பு, மீன், பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதத்தில் சுமார் 16 சதவிகிதம் நைட்ரஜன். தழைச்சத்து என்று நாம் சொல்வது இதைத்தான். உடம்பு வளர்ந்து முடிந்தவர்களுக்கு, சாப்பாட்டில் உள்ளே போகும் நைட்ரஜன் ஏறக்குறைய அப்படியே சிறுநீரிலும் மலத்திலும் வெளியே வந்துவிடும். இந்தியர் ஒருவரின் கழிவில் ஆண்டுக்குச் சுமார் 2.7 கிலோ நைட்ரஜன் போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன் என்பதால், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 6 கிலோ யூரியா என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் சேர்ந்தால் 45 கிலோ மூட்டை ஒன்று.

இப்போது கே.கே. நகரையும் சுற்றியுள்ள பகுதிகளையும் நினைத்துப் பாருங்கள். இந்த வீடுகளின் கழிவுநீருக்காகத்தான் பக்கத்திலேயே நெசப்பாக்கத்தில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளுக்கு 23, 40, 54 மில்லியன் லிட்டர் என மூன்று அலகுகளாக வளர்ந்த நிலையம் அது. இப்படிப்பட்ட நிலையங்களின் முதல் வேலை, கழிவில் உள்ள அங்ககப் பொருளைச் சிதைத்து நாற்றத்தைப் போக்குவது. நைட்ரஜனில் ஒரு பகுதிதான் அங்கே கழியும். மீதி நீரோடு அடையாற்றுக்குப் போகும். வழியில் சுத்திகரிக்காமல் கலக்கும் சாக்கடையும் சேர்ந்துகொள்ளும். ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு கடலில் சேர்கிறது.

ஆக, வயலுக்கு யூரியாவாகப் போய், நெல்லாகி, சோறாகி, நகரத்துக்கு வந்த தழைச்சத்து கடைசியில் முகத்துவாரத்துச் சேற்றின்மேல் வந்து நிற்கிறது. அதற்குப்பிறகு அதைக் கையாளும் பொறுப்பு முழுக்க நுண்ணுயிரிகளுடையது.

சேற்றின் தோல்

கடலோரச் சேற்றை ஒரு மண்வெட்டி அளவுக்கு வெட்டிப் பார்த்தால் மேலே மெல்லிய பழுப்புப் படலமும், அதன்கீழே சாம்பலும் கறுப்புமான சேறும் தெரியும். அந்தப் பழுப்புப் படலம் வரைக்கும்தான் ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது. வளமான கடலோரச் சேற்றில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். கீழே காற்றே கிடையாது.

இறந்த பாசி, மீன் கழிவு, சாக்கடைக் கசடு எல்லாம் இந்தச் சேற்றில் படிகின்றன. அவற்றை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் புரதத்தை உடைத்து அம்மோனியாவாக வெளியே விடுகின்றன. மாட்டுத் தொழுவத்தில் மூக்கில் ஏறும் அதே அம்மோனியாதான்.

மேல் படலத்தில் ஆக்சிஜனைக் கொண்டு வாழும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது இவற்றின் வேலை. 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கய் வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். பாக்டீரியாக்கள் மட்டும்தான் இந்த வேலையைச் செய்கின்றன என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்துத் தொட்டிச் சரளையிலிருந்து ‘ஆர்க்கியா’ என்ற வேறு குலத்து நுண்ணுயிரியை வளர்த்தெடுத்து, அதுவும் இதே வேலையைச் செய்வதைக் காட்டினார்கள். கடல் முழுக்க அந்தக் குலம் ஏராளமாக இருப்பது பிறகு தெரியவந்தது.

மேலே உண்டான நைட்ரேட் மெல்ல ஊறிக் கீழே காற்றில்லாத சேற்றுக்குள் இறங்கும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. அதனால் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கின்றன. எஞ்சிய நைட்ரஜன் வாயுவாகக் குமிழ்ந்து காற்றுக்குப் போகிறது. காற்றில் 78 சதவிகிதம் இருக்கும் அதே வாயுதான். தொழிற்சாலையில் எரிவாயுவைச் செலவழித்துக் காற்றிலிருந்து பிடித்து யூரியாவாக்கியதை, சேறு செலவில்லாமல் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஆஸ்திரிய விஞ்ஞானி எங்கல்பெர்ட் புரோடா 1977-ல், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாக இணைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் அது நடப்பதை 1995-ல் கண்டறிந்து வெளியிட்டார்கள். ‘அனமாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். 2002-ல் கடலடிச் சேற்றிலும் அதே வேலை நடப்பது உறுதியானது.

கடலுக்கு இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. இந்தச் சேறு இல்லாவிட்டால் ஆறுகள் கொண்டுவரும் தழைச்சத்து முழுக்கப் பாசிக்கு உரமாகிவிடும். பாசி பெருகி, செத்து, மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன், நண்டு, மட்டி எல்லாம் மூச்சுமுட்டிச் சாகும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு சேரும் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒரு ‘சாவுக் கடல்’ உருவாகிறது. மேலே உள்ள மக்காச்சோள வயல்களிலிருந்து வடியும் உரம்தான் அதற்கு முக்கியக் காரணம்.

மூச்சு முட்டும் அடையாறு

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. மேலே அந்தப் பழுப்புத் தோல் இருக்க வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லையென்றால் முதல் படியே நடக்காது. நைட்ரேட் உண்டாகாது. கீழே இருக்கும் பாக்டீரியாவுக்கு வேலையும் இருக்காது. அம்மோனியா அம்மோனியாவாகவே நீரில் தங்கிவிடும்.

அதோடு போகாது. காற்றில்லாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். சேறு கறுப்பாவதும் அதனால்தான். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு சல்பைடு விஷம். அது மிகுந்த சேற்றில், இருக்கிற கொஞ்ச நைட்ரேட்டையும் திரும்ப அம்மோனியாவாகவே மாற்றும் பாக்டீரியாக்கள் கை ஓங்கும். தழைச்சத்து வெளியேறும் வாசல் மூடி, உள்ளேயே சுற்றத் தொடங்கும்.

அடையாற்றில் இதைத்தான் அளந்து பார்த்தார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரமேஷ், பூர்வஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து அடையாறு ஆற்றிலும் கழிமுகத்திலும் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. மனிதக் கழிவால் வந்த அம்மோனியா பெருமளவில் தேங்கியிருந்தது. ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தது. நைட்ரேட்டாக மாறும் வேலை ஓரளவே நடந்தது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறிக்கொண்டிருந்தன. நைட்ரஸ் ஆக்சைடு என்பது இந்த வேலை அரைகுறையாக நிற்கும்போது கசியும் வாயு. பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வல்லது.

முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். கடல்நீர் ஏறி இறங்கினால்தான் புது ஆக்சிஜன் உள்ளே வரும். மணலை வெட்டி வாய்க்கால் திறப்பது வெள்ளம் வடிவதற்காக மட்டுமென்று பலரும் நினைக்கிறோம். சேறு மூச்சுவிடுவதற்கும் அதுவே வழி. பக்கத்தில் 58 ஏக்கரில் சீர்செய்யப்பட்டு 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில் அலையாத்தி மரங்களை நட்டதிலும் இந்தப் பலன் உண்டு. அலையாத்தி வேர் சேற்றுக்குள் காற்றைக் கொண்டுபோகும். நண்டும் புழுவும் வளை தோண்டும். ஒவ்வொரு வளையின் சுவரும் இன்னொரு பழுப்புத் தோல். நம் வயலில் மண்புழு செய்வதை முகத்துவாரத்தில் நண்டு செய்கிறது.

இது சென்னையோடு முடிகிற விஷயமும் இல்லை. வங்காள விரிகுடாவின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு நீரடுக்கு இருக்கிறது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் உட்படப் பல நாட்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ஆக்சிஜன் முழுக்கத் தீரவில்லை, மிகச் சிறு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார்கள். கரையிலிருந்து போகும் சத்து கூடினால் அந்த மிச்சமும் போய்விடலாம் என்பது அவர்கள் தந்த எச்சரிக்கை.

அந்தச் சேறு தொட்டிக்கு ஏன் ஆகாது?

இனி கே.கே. நகர் வாசகருக்கான பதில். முதலாவது, ஆற்றின் கீழ்ப்பகுதிச் சேற்றில் உப்பு இருக்கும். கத்தரியும் கீரையும் தாங்காது. இரண்டாவது, கறுப்புச் சேற்றில் உள்ள சல்பைடு காற்றுபட்டதும் கந்தக அமிலமாக மாறும். சில வாரங்களில் தொட்டி மண் புளித்துப்போய் வேர் கருகும். மூன்றாவது, நகரத்து ஆற்றுச் சேறு ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கும். கீரை வழியாக அவை நம் தட்டுக்கு வரும். சாக்கடைக் கிருமிகள் தனி. அதில் தழைச்சத்து இருப்பது உண்மைதான். ஆனாலும் இத்தனை ஆபத்தோடு அதை எடுக்க வேண்டியதில்லை. சமையலறைக் கழிவை மட்கவைத்தால் அதே சத்து சுத்தமாகக் கிடைக்கும்.

அதே தோல் நெல் வயலிலும் உண்டு

தண்ணீர் கட்டிய நெல் வயல் ஒரு குட்டிக் கடலடி. மேலே சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை பழுப்பு மண், கீழே காற்றில்லாத சாம்பல் மண். கடலில் லாபமாக இருக்கும் அதே வேலை இங்கே நமக்கு நட்டம். தேங்கிய நீரில் வீசிய யூரியா இரண்டொரு நாளில் அம்மோனியாவாகும். பகலில் பாசி நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிப் பறக்கும். மிச்சத்தில் ஒரு பகுதி மேல்தோலில் நைட்ரேட்டாகி, கீழே இறங்கி, நைட்ரஜன் வாயுவாகிவிடும். நெல்லுக்குப் போட்ட தழைச்சத்தில் பயிர் எடுப்பது 30 முதல் 40 சதவிகிதம் என்பது நம் நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது 45 கிலோ மூட்டையில் 14 முதல் 18 கிலோ வரைதான் பயிருக்கு.

இதை ஜப்பானிய மண்ணியல் ஆய்வாளர் ஷியோரி 1940-களிலேயே விளக்கினார். அவர் காட்டிய வழி எளிமையானது. உரத்தை மேல்தோலில் வைக்காமல் கீழே காற்றில்லாத மண்ணில் வைத்துவிட்டால் அம்மோனியா நைட்ரேட்டாக மாறாது, களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வேருக்காகக் காத்திருக்கும். வங்கதேசத்தில் யூரியாவை உருண்டையாக்கி, நான்கு குத்துகளுக்கு நடுவே 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பது இந்தக் கணக்கில்தான். 2015 முதல் நம் நாட்டில் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவதற்கும் இதுவே காரணம். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவை வேம்பு மந்தப்படுத்துகிறது.

நீங்களே பார்க்க ஒரு சோதனை: அகலமான கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு வயல் சேறும், அதன்மேல் நான்கு விரல் உயரம் தண்ணீரும் விட்டு, மூடாமல் நிழலில் வையுங்கள். கலக்கவே கூடாது. இரண்டு வாரத்தில் மேலே பழுப்புக் கோடும் கீழே சாம்பல் மண்ணும் பிரிந்து தெரியும். உங்கள் யூரியா காணாமல் போகும் இடம் அந்தக் கோடுதான்.

இறால் குட்டையின் அடித்தளம்

இறால் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. 35 சதவிகிதப் புரதமுள்ள 100 கிலோ தீவனத்தில் 5.6 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்குதான் இறாலின் சதையாகும். சுமார் 4 கிலோ நீரிலும் அடிச்சேற்றிலும் நிற்கும். 2009-ல் வனாமி இறால் வந்தபிறகு ஒரே குட்டையில் விடும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் தீவனமும் கூடிவிட்டன. சேற்றின் சுமையும் கூடிவிட்டது. அறுவடைக்குப்பின் குட்டையை வெடிப்பு விடும்வரை காயப்போடுவது, கறுப்புச் சேற்றை வழித்தெடுப்பது, உழுது சுண்ணாம்பு இடுவது எல்லாமே அந்தப் பழுப்புத் தோலை மீட்கும் வேலைதான். அவசரப்பட்டு அடுத்த போகம் விட்டால் 60-ம் நாளுக்குமேல் அம்மோனியா வடிவில் அதன் விலை தெரியவரும்.

காட்டு நெல்லின் கூட்டாளி

உப்புச் சேற்று நுண்ணுயிரிகள் தழைச்சத்தை இழக்க மட்டும் வைப்பதில்லை, காற்றிலிருந்து பிடித்தும் தருகின்றன. அலையாத்திக் காட்டோரம் உப்பு நீரில் வளரும் ஒரு காட்டு நெல் இருக்கிறது. அதன் வேரிலும் தண்டிலுமிருந்து ஒரு புதிய பாக்டீரியாவைச் சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் பிரித்தெடுத்து 2004-ல் உலகுக்கு அறிவித்தார்கள். ‘சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்’ என்று பெயர். 3 சதவிகித உப்பிலும் அது வளரும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும், மணிச்சத்தையும் கரைத்துக் கொடுக்கும். உப்பேறிவரும் கடலோர நிலங்களுக்கு எதிர்காலத்தில் உரம் எங்கிருந்து வரும் என்பதற்கு இது ஒரு தடம்.

வாசகர் கேள்வி பதில்

தேங்கிய நீரில் யூரியா வீசுவது எப்போதும் தவறா? வேறு எப்படிப் போடுவது? (திருவாரூர் மாவட்ட வாசகர்)

முடிந்தவரை நீரை வடித்துவிட்டு, சேறு தெரியும் நிலையில் போட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். நீரோடு சத்து மண்ணுக்குள் இறங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடலாம். இலை வண்ண அட்டையை வாரம் ஒருமுறை பயன்படுத்துங்கள். பெரும்பாலான ரகங்களுக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம் போதும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தழைச்சத்து வீணாகுமா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

நல்ல கேள்வி. மண் காயும்போது நைட்ரேட் உண்டாகும், திரும்ப நீர் கட்டும்போது அது வாயுவாகும். ஆகவே மேலுரம் போட்ட உடனே நிலத்தைக் காயவிடாதீர்கள். உரமிட்டு நீர் கட்டியபின் சில நாள் ஈரம் குறையாமல் வைத்து, பயிர் எடுத்துக்கொண்டபின் காய்ச்சலுக்கு விடுங்கள். ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போட்டால் நட்டம் குறையும், நீர்ச் சிக்கனத்தின் பலனும் கைவிட்டுப் போகாது.

இறால் குட்டையில் அம்மோனியா ஏறியிருக்கிறது. பாக்டீரியா மருந்து ஊற்றினால் சரியாகுமா? (வேதாரண்யம் பகுதி வாசகர்)

உடனே சரியாகாது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மெதுவாகப் பெருகுவது. அதற்கு ஆக்சிஜனும் வேண்டும், ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் சுண்ணாம்புக் காரமும் வேண்டும். முதலில் தீவனத்தைக் குறையுங்கள். காற்றேற்றியை, குறிப்பாக இரவில், நிறுத்தாதீர்கள். பிற்பகலில் பி.எச். அளவைப் பாருங்கள். பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். குட்டை நீரின் உப்பு குறைவாக இருந்தால் நைட்ரைட்டும் அதிகம் தாக்கும். அதையும் சேர்த்துச் சோதியுங்கள். அடித்தளச் சேற்றைப் பற்றிய ஆலோசனைக்குச் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம். அந்த நிறுவனம் இருப்பதும் அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான்.